ஆஸ்பத்திரி வீதி லாப்: நம்பிப் போகலாம், ஒரு குறை உண்டு

அம்மா பிரஷருக்கு லொசாட்டன் குளிசை போடுகிறா, அதனால் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க ஆஸ்பத்திரி வீதியில் ஒரு லாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பொட்டாசியம் 5.8. அங்கு நின்ற பிள்ளை ரிப்போர்ட்டைச் சும்மா நீட்டாமல், இரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்தாலும் இப்படிக் கூடிக் காட்டும், டொக்டரைக் கேட்காமல் குளிசையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி உடனேயே திரும்ப எடுத்தார், 4.6 வந்தது. வழமையான அளவு 3.5 முதல் 5.0 வரை. இந்தக் குளிசை உண்மையாகவே பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது, மிஞ்சினால் இதயத் துடிப்பே குழம்பும், ஆனபடியால் அந்த நிதானம் எனக்குப் பெரிய விஷயம். காலையில் சனம் கூட, கதிரை போதாது, சரி. ஆனால் கிரியேட்டினினோடு இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் இரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) போடுவதில்லை. வயதானவர்களுக்குக் கிரியேட்டினின் நார்மலாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் மந்தமாக இருக்கலாம், நீரிழிவுக் குளிசையான மெட்போமினின் அளவைத் தீர்மானிக்க டொக்டர் பார்ப்பது இஜிஎஃப்ஆரைத்தான். கேட்டு வாங்குங்கள்.