முடிவு முதலிலா, பின்னணி முதலிலா: மெமோ எழுதும் இரு முறைகள்

தொழில்நுட்ப எழுத்து வகுப்பில் மெமோ (அலுவலகத்துக்குள் அனுப்பும் சுருக்கமான குறிப்பு) எழுதும் மாணவர், முடிவை முதல் பத்தியிலேயே சொல்லலாம்; அல்லது பின்னணியையும் சோதனை விவரங்களையும் விளக்கிவிட்டு இறுதியில் முடிவுக்கு வரலாம். ஆய்வக அறிக்கை எழுதிப் பழகியவர்களுக்கு இரண்டாவது முறையே இயல்பாக வரும். ஆனால் வேலை மிகுந்த மேலாளர் கடைசிப் பத்தி வரை படிப்பார் என்பதற்கு உறுதியில்லை.

சேலஞ்சர் விண்ணோடம் 1986 ஜனவரி 28 அன்று சிதறுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1985 ஜூலை 31 அன்று, அதன் உந்து ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர் ரோஜர் போஜலே எழுதிய மெமோ, ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-வளையத்தின் அரிப்பு எவ்வளவு தீவிரமானது என்பதை நிர்வாகம் முழுமையாக உணர வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே கூறியது. அது விபத்தைத் தடுக்கவில்லை; எனினும் அவர் எதை எச்சரித்தார் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

ஒரு கோரிக்கையை மறுக்கும்போது மட்டும், காரணத்தை ஓரிரு வரிகளில் முன்வைத்துப் பின்னர் முடிவைச் சொல்வது பண்பாக இருக்கும்.