விக்காமல் அசையும் அவதாரம்: பழைய லப்டொப்பில் மூன்று வழிகள்

"அண்ணா, என்ர பொம்மை விக்குது" என்று புதுக்குடியிருப்பிலிருந்து சித்தியின் மகள் போன் எடுத்தாள். யூடியூப் லைவில் கேம் விளையாடிக்கொண்டே ஊர்க்கதை கதைக்கிறவள். முகம் காட்டினால் அடுத்தநாள் சந்தையில் நிம்மதியாக மீன் வாங்கேலாது என்பது அவளின் கணக்கு. அதனால் தாவணியும் இரட்டைப் பின்னலுமாக தன் முகத்துக்குப் பதிலாகத் திரையில் அசைகிற ஒரு பொம்மையை, லைவ் 2டி மொடல் என்பார்கள், காசு கொடுத்துச் செய்வித்திருந்தாள். வடிவான மொடல்தான். ஆனால் லைவ் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பரந்தனில் பஸ் ஏறி, விசுவமடு தாண்டிப் போய்ப் பார்த்தேன். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரம், இன்ரெல் யுஎச்டி 620. தனிக் கிராபிக்ஸ் கார்ட் கிடையாது; படத்துக்கு வேண்டிய நினைவகத்தையும் அந்த 8 ஜிபியிலிருந்துதான் கிள்ளி எடுக்கவேண்டும். எங்கள் பக்கத்துப் பொடியள் கையில் நான் அதிகம் காண்கிறதும் இந்த வகைதான். ஆகவே இந்த ஒப்பீடும் இந்த லப்டொப்புக்கே. ஆர்டிஎக்ஸ் போன்ற பலமான கிராபிக்ஸ் கார்ட் வைத்திருப்பவர்கள் எதையும் ஓட்டலாம், அவர்களுக்கு என் யோசனை தேவையில்லை.

வழிகள் மூன்று. கதைக்கும்போது வாய் திறந்த படமும் பேசாதபோது மூடிய படமும் மாறிமாறி வரும் பிஎன்ஜி முறை. வெட்டிய ஓவியத்தை வளைத்து அசைக்கும் லைவ் 2டி. முழு உருவமாகச் செதுக்கிய விஆர்எம் என்கிற 3டி. '2டி என்றால் பாரமில்லை, 3டி என்றால்தான் பாரம்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், தங்கச்சியின் மொடல் போல்டரைத் திறக்கும்வரை.

உள்ளே 8192 பிக்சல் சதுரத்தில் இரண்டு ரெக்ஸ்சர் படங்கள், அதாவது பொம்மையின் துண்டுகளெல்லாம் அடுக்கிய படங்கள். டிஸ்கில் பார்த்தால் சில எம்பிதான். பிஎன்ஜி என்கிற கோப்பு வகை சுருக்கி வைத்திருக்கிறது. கிராபிக்ஸ் நினைவகத்துக்குள் போகும்போது அந்தச் சுருக்கம் அவிழ்ந்துவிடும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று பெருக்கினால் 8192 படம் ஒன்று 256 எம்பி. இரண்டும் சேர்ந்து அரை ஜிபி! அவளோ 720பி லைவில், மூலையில் 500 பிக்சல் உயரத்துக்கு அந்தப் பிள்ளையை நிறுத்தியிருக்கிறாள். கிணற்றளவு அண்டாவில் ஒரு சுண்டு அரிசி.

மொடல் செய்தவர் மூலக் கோப்பைக் கொடுக்கவில்லை, ஏற்றுமதி செய்த மொக்3 கோப்பு மட்டுந்தான். அப்படியென்றாலும் வழி உண்டு. லைவ் 2டியில் எந்தத் துண்டு படத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பிக்சலில் அல்ல, விகிதத்தில் பதிவாகியிருக்கும். ஆகவே முழு போல்டரையும் ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு, கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் அந்தப் படங்களை 8192இலிருந்து 2048க்குச் சுருக்கி, அதே பெயரில் சேமித்தோம். ஒரு படம் 16 எம்பியாக இறங்கியது. மொடலை ஓட்டும் விடியூப் ஸ்டூடியோ எந்த முறைப்பாடும் சொல்லாமல் திறந்தது. ஒரு குறை: துண்டுகளுக்கிடையே விட்ட வெளியும் சேர்ந்து சுருங்குவதால் பக்கத்து நிறம் ஒழுகலாம். அவளின் இடது புருவத்து ஓரத்தில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு வந்தது. 4096க்கு மாற்றினோம், போய்விட்டது. படமொன்றுக்கு 64 எம்பி, பரவாயில்லை.

லைவ் 2டியில் இன்னொரு பாரம் கிளிப்பிங் மாஸ்க். கண்மணி வெள்ளைக்கு வெளியே போகாமல் மறைப்பதற்கு அது வேண்டும். தாவணிப் பூவுக்கெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு மாஸ்க்கும் இன்னொரு தடவை வரைகிற வேலை. புதிதாகச் செய்விக்கிறவர்கள் இதை முதலிலேயே ஓவியரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி விஆர்எம். அந்த உருவத்தைச் செய்யும் வீரொய்ட் ஸ்டூடியோ இலவசம், ஓவியருக்குக் காசில்லை. தலைமுடியில்தான் அதன் பாரம் பெரும்பாலும். ஒவ்வொரு முடிக்கற்றையும் முக்கோணங்களாகக் குவிந்து கிடக்கும். ஏற்றுமதி செய்யும் பக்கத்திலேயே முக்கோணங்களைக் குறைக்கலாம், மேற்பரப்பின் நிறம், மினுக்கத்தைச் சொல்லும் மெட்டீரியல்களை ஒன்றாக்கலாம், உடுப்புக்குள் மறைந்த உடம்பை நீக்கலாம். மெட்டீரியல் ஒவ்வொன்றும் தனித்தனி வரைதல் கட்டளை, உருவத்தைச் சுற்றிய கறுப்புக் கோடும் இன்னொரு சுற்று வரைதல். இவற்றைக் குறைத்த ஒரு மாதிரி உருவத்தை, விஆர்எம்மை அசைக்கும் வீசீஃபேஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தோம். படத்தைச் சுருக்காத பழைய லைவ் 2டியைவிட அது சுகமாக ஓடியது! ஆனால் வீரொய்டில் தாவணி கட்டுவது லேசான வேலையில்லை. பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளைப் படிக்கவேண்டும். "உந்தச் சட்டையோட நான் வரமாட்டன்" என்று தங்கச்சி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

பிஎன்ஜி பற்றி நீட்டத் தேவையில்லை. கமரா வேண்டாம், மைக்கின் சத்தம் போதும். வேடோடியூப் மினி போன்ற சின்ன மென்பொருள் ஒன்று காணும். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். கதைதான் முக்கியமென்றால் இது தாராளம்.

மொடலைத் திருத்திய பிறகும் இரவில் கொஞ்சம் விக்கியது. குற்றம் மொடலில் இல்லை. மங்கல் வெளிச்சத்தில் வெப்காம் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுக்கிறது. 30 பிரேம் தரவேண்டியது பாதியாகிவிடுகிறது. முகத்தைப் பார்த்து அசைகிற மொடலும் அப்படித்தான் அசையும். லப்டொப் திரைக்குப் பின்னால் ஒரு எல்ஈடி பல்ப் கொழுவினோம், சரி. லைவை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில், வீடியோவைச் சுருக்கும் என்கோடரை எக்ஸ்264இலிருந்து குயிக் சின்குக்கு மாற்றினோம். சிபியுவின் தலையிலிருந்த மூட்டை அந்த இன்ரெல் சிப்பின் வீடியோப் பகுதிக்குப் போனது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு லப்டொப் கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு எந்த மென்பொருளும் உதவாது. பகல் லைவ் என்றால் பிஎன்ஜி, வெயில் தாழ்ந்த பிறகு லைவ் 2டி என்று பிரித்துவைத்தோம்.

டேட்டாக் கணக்கும் உண்டு. 2500 கேபிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 2500 கிலோபிட் வேகத்தில், ஒரு மணித்தியாலம் போனால் 1.1 ஜிபிக்குச் சற்று மேல். அசையாத பின்னணியும் பிஎன்ஜி உருவமும் வைத்துக் கதை மட்டும் சொல்லும் நாளில் 1200 கேபிபிஎஸ்ஸே காணும். தலைமுடி, தாவணி, மினுக்கம் எல்லாம் ஒன்றாக ஆடினால் அதே 2500 போதாமல் படம் கட்டங்கட்டமாக உடையும். ஆகவே காதணியின் ஆட்டத்தை நிறுத்தினேன், தாவணித் தலைப்பையும் நிறுத்தினேன். பின்னலுக்குக் கை வைக்கப் போக, மவுஸைப் பிடுங்கிவிட்டாள்.

"அது ஆடட்டும் அண்ணா. சிரிக்கேக்க என்ர பின்னல் ஆடும்."

பின்னல் ஆடுகிறது. 100 கேபிபிஎஸ் கூட்டிவிட்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன்.