ஃபார்மேட் அடித்தும் திரும்பி வரும் பேக்டோர் ட்ரோஜன்: கம்பம், குமுளி பக்கக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

பேக்டோர் ட்ரோஜன் என்பது நல்ல மென்பொருள் வேடத்தில் நுழைந்து, வெளியாளுக்குக் கணினியின் பின்கதவைத் திறந்துவிடும் திருட்டு மென்பொருள். கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடையின் லேப்டாப்பை சர்வீஸ் கடையில் இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை ஃபார்மேட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறையும் காசு வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சில நாள் கழித்து மவுஸ் தானாக நகர்ந்தது, மெயிலுக்குள் யாரோ நுழைந்த தடயம் தெரிந்தது. "நீங்க கண்டதையும் டவுன்லோட் பண்ணியிருப்பீங்க" என்று பழியைக் கடைக்காரர் தலையிலேயே போட்டார்கள். ட்ரோஜன் கோப்பு உருவான நேரத்தைப் பார்த்தால் உண்மை வேறு. விண்டோஸ் ஏற்றிய பத்தாவது நிமிடத்தில், லேப்டாப் சர்வீஸ் கடையில் இருந்தபோதே, அது உள்ளே வந்துவிட்டது. வந்த வழி, விண்டோஸைத் திருட்டுத்தனமாகத் திறக்கும் ஆக்டிவேட்டர்.

அந்த ஆக்டிவேட்டரே தேவையில்லாதது என்பதுதான் வயிறெரியும் விஷயம். விண்டோஸ் 8 முதல் விண்டோஸோடு விற்ற பெரும்பாலான லேப்டாப்களின் மதர்போர்டிலேயே லைசென்ஸ் சாவி பதிந்திருக்கிறது. வாங்கும்போது இருந்த அதே ஹோம் பதிப்பை ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். சர்வீஸ் கடைகள் எல்லாருக்கும் ஒரே பென்டிரைவிலிருந்து 'ப்ரோ' பதிப்பை ஏற்றுவதால்தான் அந்த ஆக்டிவேட்டர், அதாவது கிராக், தேவைப்படுகிறது. கிராக் ஓட வேண்டுமென்று விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கிறார்கள், அல்லது சி டிரைவ் முழுவதையும் 'எக்ஸ்க்ளூஷன்' பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதன்பின் அந்த டிரைவில் எது வந்தாலும் டிஃபெண்டர் கண்டுகொள்ளாது.

மெயில் வழியாகவும் இந்த ட்ரோஜன் வருகிறது. குமுளி, வண்டன்மேடு என்று மலைக்கும் கீழுக்கும் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஈ-வே பில், இன்வாய்ஸ் என்ற பெயரில் ஒரு ஜிப் கோப்பு வரும். கோப்பின் பெயர் பிடிஎஃப் என்று முடிவதுபோலத் தெரியும். விண்டோஸ் கடைசி வாலை மறைத்துவிடுவதால் அதற்குப் பின்னால் இருக்கும் 'இஎக்ஸ்இ', அதாவது திறந்தால் ஓடும் மென்பொருள் என்று காட்டும் வால், கண்ணில் படாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றே டிக் செய்யுங்கள். பாஸ்வேர்ட் போட்ட ஜிப் என்றால் கூடுதல் சந்தேகம் வேண்டும். ஆன்டிவைரஸ் அதற்குள் பார்க்க முடியாது என்பதற்காகவே பூட்டி அனுப்புகிறார்கள்.

1998இல் வந்த பேக் ஓரிஃபிஸ் என்ற பேக்டோர் மென்பொருள், கணினியில் 31337 என்ற போர்ட்டை (இணையத் தொடர்புக்கான எண்ணிட்ட வாசலை) திறந்துவைத்து, வெளியாள் வரக் காத்திருக்கும். இன்றுள்ளவை பெரும்பாலும் உள்ளிருந்தே வெளியே அழைக்கின்றன, அதுவும் சாதாரண இணையத்தளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டில். அதனால் ரவுட்டர் தடுப்பதில்லை. உள்ளே இருக்கும்வரை தட்டுகிற எழுத்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், திரை எல்லாம் அதை அனுப்பிய திருடர்கள் கையில். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை நாள் முழுக்கச் செருகியே வைத்திருப்பவர்கள் அதை உடனே கழற்றுங்கள். பின் நம்பரை ஒருமுறை பிடித்துவிட்டால் செருகியிருக்கும் டோக்கனை அவர்களும் பயன்படுத்தலாம்.

சந்தேகம் வந்தால் பிரவுசர்களை மூடிவிட்டு, அட்மினாகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ ஆகிய மூன்று எழுத்துகளோடு (netstat -ano) கொடுங்கள். இணைப்பில் இருக்கும் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு எண் இருக்கும். டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் அந்த எண்ணைத் தேடி, வலது கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறங்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த இணைப்புகளும் சில தெரியும், அதற்குப் பதற வேண்டாம். ஆனால் விண்டோஸின் சொந்த மென்பொருளான 'எஸ்விசிஹோஸ்ட்' (svchost) என்ற பெயரில் ஒன்று சிஸ்டம்32 போன்ற விண்டோஸ் ஃபோல்டரில் இல்லாமல் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருந்தால் அது திருடன்தான். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் (கணினி திறந்ததும் தானாக ஓடுபவற்றைக் காட்டும்) மென்பொருளில் பார்த்தால் ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பகுதியிலோ டாஸ்க் ஷெட்யூலரிலோ அதன் வேர் தெரியும். வேரை விட்டுக் கோப்பை மட்டும் அழித்தால், துணைக்கு இருக்கும் இன்னொரு கோப்பு அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

உறுதியானதும் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டை அந்தக் கணினியில் மாற்றவே கூடாது. மொபைல் டேட்டாவில் போன் வழியாக முதலில் மெயில், அடுத்து பேங்க், ஜிஎஸ்டி என்று மாற்றுங்கள். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதைப் பிரவுசர் நினைவில் வைக்கும் குக்கீயைத் திருடியிருந்தால் பாஸ்வேர்ட் இல்லாமலே நுழைய முடியும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

டிஃபெண்டரில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைக் காலி செய்துவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் திறக்கும் முன்பே நடக்கும் சோதனை) ஓட்டலாம், கால் மணி நேரம் ஆகும். ஆனால் பணம் புழங்கும் கணினிக்கு அது போதாது, புதிதாக விண்டோஸ் ஏற்றுவதே சரி. வேறொரு சுத்தமான கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை நீங்களே தயார் செய்யுங்கள். பில்லிங் டேட்டா, எக்செல், படங்கள் மட்டும் நகல் எடுங்கள். இஎக்ஸ்இ, பேட், எஸ்சிஆர், ஷார்ட்கட் எதையும் எடுக்காதீர்கள். நகலைத் திறந்து பார்த்துச் சரியென்று தெரிந்தபின், இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழிக்க வேண்டும். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் அடித்து, டி டிரைவில் பழைய செட்டப் கோப்புகளை அப்படியே விட்டதும் அந்தக் கடை லேப்டாப் மூன்று முறை கெட்டதற்கு ஒரு காரணம்.

கடையில்தான் கொடுப்பீர்கள் என்றால் உங்கள் பென்டிரைவையும் சேர்த்துக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது பணம் எண்ணுவதற்கு முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும், டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன் பட்டியலையும் அவர்கள் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் மென்பொருள் எதையாவது 'அவசரத்துக்கு' என்று போட்டு வைத்திருந்தால், அங்கேயே அன்இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள்.