இரண்டு ப்ரொஜெக்டர், ஒரே திரை: கையால் ஒட்டுவதா, கேமராவிடம் விடுவதா?

சீலிங்கில் நிரந்தரமாக மாட்டிய ஒற்றை ப்ரொஜெக்டர், எதிரே சமமான திரை என்றால் இந்த அலசலே தேவையில்லை. ரிமோட்டை எடுத்து நான்கு மூலைகளையும் இழுத்துவிட்டால் போதும். கடலூர், பாண்டி மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் 16 அடி அகலத்துக்கு இரண்டு ப்ரொஜெக்டரின் படங்களை ஒரே படமாக ஒட்டும்போதுதான், கையால் பொருத்துவதா, கேமராவால் அளந்து மென்பொருளைப் பொருத்த விடுவதா என்ற கேள்வியே வருகிறது.

கணக்கு இதுதான்: இரண்டும் 1920 பிக்சல் அகலம், ஒன்றன்மேல் ஒன்று 384 பிக்சல் படிகிறது, ஆக மொத்தம் 3,456. திரையில் ஒரு பிக்சல் சுமார் 1.4 மி.மீ.

கையால் ஒட்டுவதற்குத் தனிச் செலவில்லை. ஒன்றில் சிவப்புக் கட்டக் கோடு, மற்றதில் பச்சை. இரண்டும் பொருந்தும் இடத்தில் கோடு மஞ்சளாகும். ஒருவர் திரையருகே நின்று சொல்ல, மற்றவர் லேப்டாப்பில் புள்ளிகளை நகர்த்துவார். பழகிய கைக்கு நன்றாகவே வரும்.

ஆனால் ஒட்டியது நிற்க வேண்டுமே! ப்ரொஜெக்டரின் முன்கால் 1 மி.மீ. அமிழ்ந்தால், கால்களுக்கிடையே 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 4.5 மீட்டர் தள்ளியுள்ள திரையில் படம் 15 மி.மீ. நகரும். அதாவது பத்து பிக்சல். எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரியும். ஸ்டாண்டைப் பூ அலங்காரக்காரர் லேசாக இடித்தாலே போதும். மாலை வரவேற்புக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்தபின் கட்டக் கோடு போட்டுப் புள்ளி புள்ளியாக நகர்த்த முடியுமா? இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கேமரா பக்கம். முதல்முறை ஒட்டுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. திரும்பத் திரும்ப ஒட்டுவதில்தான் இருக்கிறது.

கேமரா முறையில் கிரே கோடு (Gray code) எனும் குறியீட்டு முறையிலான கறுப்பு-வெள்ளைப் பட்டைகள் வரிசையாகத் திரையில் விழும். அகலத்துக்கு 11, உயரத்துக்கு 11, ஒவ்வொன்றிலும் கறுப்பு-வெள்ளையை மாற்றிய படமும் சேர்த்து 44, முழு வெள்ளை, முழுக் கறுப்பு: ஒரு ப்ரொஜெக்டருக்கு 46 படங்கள். அரை விநாடிக்கு ஒன்றாக எடுத்தால் இரண்டுக்கும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். எந்த பிக்சல் எங்கே விழுகிறது என்பது அப்படியே கையில் கிடைத்துவிடும். ஓபன்சிவி (OpenCV) என்ற மென்பொருள் தொகுப்பில் இதற்கான பகுதி இலவசமாகவே இருக்கிறது.

கெடுவது பெரும்பாலும் கேமரா அமைப்பில். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், ஆட்டோ ஃபோகஸ் மூன்றையும் பூட்டுங்கள். ஒற்றைச் சிப் டிஎல்பி (நுண்கண்ணாடிகளால் படம் காட்டும் வகை) ப்ரொஜெக்டர் என்றால் பெரும்பாலும் நிறச் சக்கரம் சுழலும், நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். 1/500 விநாடி ஷட்டரில் எல்லா நிறமும் பதியாமல் போகலாம். 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு 1/30 அல்லது 1/15 வையுங்கள். பட்டை மாறியதும் கிளிக் செய்யாதீர்கள். ப்ரொஜெக்டர் சற்றுத் தாமதித்தே காட்டும். டிரைபாடை மேடைப் பலகைமேல் வைக்காதீர்கள், ஆள் நடந்தால் அதிரும். கடற்காற்றில் திரைத் துணி ஆடினால் எடுத்த அளவு வீண். அடியில் கட்டி இழுத்துவிட்டே தொடங்குங்கள். ப்ரொஜெக்டர் சூடாகி நிலைக்க அரைமணி நேரமாவது ஓடட்டும்.

ஒட்டுப் பகுதியில் இரண்டின் வெளிச்சமும் சேர்வதால் ஒவ்வொன்றையும் அங்கே மங்கலாக்குவோம். அப்போது இருள் பட்டை தெரிந்தால் காமாவை, அதாவது சிக்னலுக்கும் திரை வெளிச்சத்துக்கும் உள்ள உறவைப் பாருங்கள். சிக்னலைப் பாதியாக்கினால் காமா 2.2-இல் வெளிச்சம் 22 சதவீதம்தான். பாதி வெளிச்சத்துக்கு 73 சதவீத சிக்னல் வேண்டும். இதையும் கேமரா அளந்து தரும். ஆனால் அதன் லென்ஸே ஓரங்களை இருட்டாகக் காட்டும் என்பதால், அதை முதலில் கழிக்காவிட்டால் திரை ஓரம் தேவையில்லாமல் வெளுக்கும்.

பாண்டி ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களில் காட்டுவதானால் கேமராவுக்கு இன்னொரு வேலை உண்டு. மஞ்சள் நீலத்தை விழுங்கும். வெள்ளை வெள்ளையாகத் தெரிய, சிவப்பையும் பச்சையையும் நீலத்தின் அளவுக்குக் குறைக்க வேண்டும். அந்த அளவுக்கு மொத்த வெளிச்சமும் போகும். தூணும் வளைவும் உள்ள முகப்பில், கேமரா நின்ற இடத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் படம் நேராக இருக்கும். அங்கே கையா கேமராவா என்று சமதளத்துக்குச் சொல்வதுபோல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இருட்டுக் காட்சியில் ஒட்டுப் பகுதி சாம்பலாகத் தெரிவது கேமராவாலும் தீராது. கறுப்பிலும் ப்ரொஜெக்டர் கொஞ்சம் ஒளி கசியவிடும். அங்கே இரண்டின் கசிவும் சேர்கிறது. மற்ற இடங்களின் கறுப்பைச் சற்று ஏற்றிச் சமன்செய்யலாம், அல்லது கறுப்புப் பின்னணி உள்ள படங்களையே தவிர்க்கலாம்.