அப்பாவின் பால் கணக்கும் ஃபிரிட்ஜில் வைக்கும் காப்ஸ்யூலும்

அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். குடியைத் தொட்டதே இல்லை. இருபது வருஷச் சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் அங்கே கொண்டுபோய் விட்டன. போன மார்கழியில் ஒரு காலை பால் கணக்கு எழுதியவர், ஒரே தேதியை மூன்று தடவை எழுதியிருந்தார். எழுத்து கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போயிருந்தது. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்தது. கல்லீரல் சுத்தம் செய்யாமல் ரத்தத்தில் சேர்ந்த அம்மோனியா மூளையைப் பாதிக்கிறது என்று சொல்லி அன்றே அட்மிட் செய்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது எழுதிக் கொடுத்ததுதான் இந்தப் புரோபயாட்டிக் காப்ஸ்யூல். எட்டு வகை நல்ல பாக்டீரியா, ஒரு காப்ஸ்யூலில் 11,250 கோடி. காலை இரண்டு, இரவு இரண்டு என்று ஏழு மாதமாகக் கொடுக்கிறோம். உப்புசம் நன்றாகக் குறைந்தது, அப்பா சாப்பிட உட்காருகிறார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் இதை நம்பி, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பைக் குறைத்துவிடாதீர்கள். ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனபோது, வழியில் கஷ்டமாக இருக்குமே என்று நாங்கள் குறைத்தோம். மூன்றாம் நாள் பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. தினம் இரண்டு மூன்று தடவை இளகலாகப் போனால்தான் அம்மோனியா வெளியேறும். அந்த வேலையைக் காப்ஸ்யூல் செய்யாது.

சண்டிகரின் பிஜிஐ மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் 130 சிரோசிஸ் நோயாளிகளை வைத்து ஆறு மாதம் செய்த ஆய்வு 2014இல் வந்தது. இந்த எட்டு வகைக் கலவையைச் சாப்பிட்டவர்களில் மூளைக் குழப்பத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், வெற்று மருந்து சாப்பிட்டவர்களைவிடப் பாதிக்கும் குறைவு. ஆனால் அங்கே கொடுத்தது நாளுக்கு 90,000 கோடி, அதாவது எட்டு காப்ஸ்யூல். அந்தச் செலவு எங்களுக்குத் தாங்காது. டாக்டரிடம் பேசித்தான் நான்கில் நின்றோம். எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

குளிர்ச்சி முக்கியம். ஒரு மருந்துக்கடையில் வெளி ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். டப்பா வெதுவெதுப்பாக இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, ஐஸ் பாக்கெட்டோடு தரும் கடையில் மட்டும்தான் வாங்குகிறேன்.

அப்பாவுக்குக் கொடுக்கும் இன்னொன்று சிங்க், அதாவது துத்தநாக மாத்திரை. விலை குறைவு. சிரோசிஸில் துத்தநாகம் குறைவது சகஜம். அம்மோனியாவை யூரியாவாக மாற்ற அது தேவை. வெறும் வயிற்றில் கொடுத்தபோது அப்பாவுக்குக் குமட்டியது, சாப்பாட்டுக்குப் பிறகு சரியாகிவிட்டது. நீண்ட நாள் போட்டால் உடம்பில் செம்பு குறையும் என்பதால் டாக்டர் அவ்வப்போது ரத்தம் பார்க்கச் சொல்கிறார்.

சத்துக்கு நல்லது என்று சித்தப்பா வாங்கி வந்த மல்டிமினரல் டானிக்கில் இரும்பு இருந்தது. அப்பாவுக்கு இரும்புக் குறைவு இல்லாததால் டாக்டர் அதை நிறுத்திவிட்டார். ஸ்பைரோனோலாக்டோன் நீர் மாத்திரை போடுகிறவர்கள் ‘லோ சோடியம்’ உப்பையும் கவனியுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், அந்த மாத்திரையோ பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும்.

மதிப்பெண் போடச் சொன்னால், காப்ஸ்யூலுக்கு ஐந்துக்கு மூன்று, சிங்குக்கு நான்கு கொடுப்பேன். பால் நோட்டை இப்போதும் தினம் காலையில் பார்க்கிறேன். இந்த மாதம் எழுத்து கோட்டிலேயே நிற்கிறது.