குருமனையா, சொந்தக் கட்டடமா?

பாளையங்கோட்டையில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிற ஒன்பது கிறிஸ்தவக் குடும்பங்கள் நாங்கள். வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகள் கூடிப் படிக்கவும் பாடவும் வேதம் வாசிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் பேசத் தொடங்கினோம். வாடகை வீடு, ஆறு சென்ட் மனையில் சொந்தக் கட்டடம், சபை வளாகத்தில் பூட்டிக்கிடந்த பழைய குருமனை (போதகர் குடியிருப்பதற்கான வீடு) என்று மூன்று வழிகள் தெரிந்தன. இப்போது குருமனையில் இருக்கிறோம். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வாடகை வீட்டில் ஐந்து மாதம்தான் தாங்கினோம். 21 பிள்ளைகள் ஒரே நேரத்தில் மாடிப்படி ஏறினால் கீழ்வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? ஆனால் அந்த ஐந்து மாதத்தை வைத்து வாடகையே ஆகாது என்று நான் தீர்ப்பு எழுத முடியாது. தனி வீடும் தாராள மனமுள்ள உரிமையாளரும் அமைந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

சொந்தக் கட்டடம் என்றதும் எல்லோர் கண்ணிலும் ஒரு வெளிச்சம் வந்தது உண்மை. காசு சேரும்வரை மனையில் கீற்றுக்கொட்டகை போட்டுத் தொடங்கலாம் என்று ஒருவர் சொன்னார். 2004ஆம் ஆண்டு கும்பகோணத்தில் கீற்றுக்கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டதை இன்னொருவர் நினைவுபடுத்தினார். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. கான்கிரீட் கட்டடத்துக்குக் கொத்தனார் சதுர அடிக்கு 2,200 ரூபாய் சொன்னார். 1,500 சதுர அடிக்கு 33 லட்சம். மனை விலை தனி.

அதன் பிறகு சட்டம். வழிபாட்டுக்கென்று கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பள்ளிபோல நடத்தினாலோ, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரமில்லாத பள்ளிக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்; அதற்கு மேலும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000. நாங்கள் கோயிலும் இல்லை, பள்ளியும் இல்லை. ஆனால் புதுக் கட்டடம் கட்டி, வாசலில் பலகை மாட்டி, காலை ஜெபத்தோடு தொடங்கினால் பார்ப்பவருக்கு இரண்டும்போலத்தான் தோன்றும்.

இவை எல்லாவற்றையும் சமாளித்திருப்போம். என்னைத் தடுத்தது வேறொன்று. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். அது முடிந்ததும் பலர் பதினொன்றாம் வகுப்புக்கு வழக்கமான பள்ளியில் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு குடும்பம் இந்தக் கூட்டத்தில் இருப்பது ஏழெட்டு ஆண்டு. கட்டடமோ நாற்பது ஆண்டு நிற்கும். தொடங்கிய ஒன்பது குடும்பங்களில் மூன்று இப்போது இல்லை: ஒன்று பெங்களூருக்குப் போய்விட்டது, மற்ற இரண்டின் பிள்ளைகளும் படித்து முடித்துவிட்டார்கள். புதிதாக மூன்று வந்தன. கடன் வாங்கிக் கட்டியிருந்தால் போனவர்களின் தவணையை யார் கட்டுவது? வந்தவர்களிடம் முதல் நாளே பங்கு கேட்பதா? தாங்கள் கட்டாத மாடியில் தட்டோடு பெயர்ந்து தளம் ஒழுகினால், அதற்குக் காசு போட அவர்களுக்கு மனம் வருமா? செப்டிக் டேங்க், மோட்டார், சொத்து வரி எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். டிரஸ்ட் பத்திரத்தில் ஐந்து பேர் கையெழுத்துப் போடலாம். பத்தாவது ஆண்டில் அந்த ஐவரில் ஒருவருக்காவது அங்கே படிக்கிற பிள்ளை இருக்குமா என்று என் மனைவி கேட்டாள். அன்று இரவே மனை புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

குருமனைக்கு ஓட்டுக்கூரை, அகலமான திண்ணை, பின்னால் ஒரு வேம்பு. சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம். ஓடும் தூலமும் சபையின் பொறுப்பு. வெள்ளையடிப்பதும் மின்கட்டணமும் எங்களுடையவை. எழுத்தில் இல்லாமல் சபைக் கட்டடத்தில் கால் வைக்காதீர்கள். நல்ல மனதோடு சொன்ன வாய்வார்த்தை அடுத்த கமிட்டித் தேர்தல்வரைதான் நிற்கும்.

சங்கடங்கள் இல்லாமல் இல்லை. சபையின் பொது விருந்தான அசனம் வந்தால் ஒரு வாரம் எங்களுக்கு இடமில்லை, திண்ணை முழுக்க அண்டாக்கள். ஒருமுறை பிள்ளைகள் கொட்டாங்கச்சியில் முளைக்கவைத்திருந்த உளுந்தைக் குப்பையென்று, தேவாலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை வாரிக் கொட்டிவிட்டார். பிறகு விஷயம் தெரிந்து, அவரே சந்தையில் விதை வாங்கிவந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊன்றினார். இதைவிடக் கனமானது ஒன்று உண்டு. எங்களில் வேறு சபைகளைச் சேர்ந்த இரண்டு பெந்தெகொஸ்தே குடும்பங்களுக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் இது இன்னும் 'உங்கள் கோயில்'தான். பொது மனையில் கட்டியிருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது. அந்த ஒரு விஷயத்தில் சொந்தக் கட்டடமே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வருகிற மே மாதம் சபையின் போதகரான சேகரகுருவுக்கு மாற்றல். ஒப்பந்தத்தை அதற்கு முன்பே புதுப்பித்துவிட வேண்டும் என்று கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்தேன். மூன்றாம் முறை போகும்போது கத்தோலிக்கக் குடும்பத்துத் தகப்பனையும் உடன் அழைத்துப் போவதாக இருக்கிறேன். ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இந்த முறை ஏற வேண்டும்.