ஆங்கிலமா, போர்த்துகீசியமா? வெளிநாட்டு மேடை தேடும் பிரேசில் குழுக்கள்

சைக்கடெலிக் ராக்கையும் (எதிரொலியும் விசித்திர ஒலிகளும் நிறைந்த, கனவு போன்ற ராக்) சோல் இசையையும் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உணர்ச்சி ததும்பும் பாடல் வகை) கலக்கும் ஒரு பிரேசில் குழு வெளிநாட்டு ரசிகர்களைத் தேடிக் கிளம்பினால், முதலில் முடிவு செய்ய வேண்டியது பாடும் மொழியை.

ஆங்கில வழியை சாவோ பாவ்லோவின் ஓஸ் முட்டான்டெஸ் குழு 1970-லேயே முயன்று பார்த்தது. பாரிஸுக்குப் போய், தங்கள் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பாடி ஒரு ஆல்பமே பதிவு செய்தார்கள். அது கடைக்கு வந்தது 2000-இல்! அதற்குள் பழைய போர்த்துகீசியப் பாடல்களே அவர்களுக்கு வெளியே பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டன. அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் அவர்களின் ரசிகர். 1999-இல் இசைக்கலைஞர் டேவிட் பைர்னின் லுவாகா பாப் இசை நிறுவனம் அவர்கள் பாடல்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 2006-இல் லண்டன் பார்பிகன் அரங்கில் மீண்டும் மேடையேறினார்கள், குழுவின் பழைய பாடகி ரீட்டா லீ இல்லாமல் (அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்).

பிரேசிலின் கோயானியா நகரத்து பூகாரின்ஸ் குழு மொழியை மாற்றவே இல்லை. வீட்டில் பதிவு செய்த போர்த்துகீசியப் பாடல்கள் 2013-இல் அமெரிக்க நிறுவனம் வழியாக வெளிவந்தன. அப்புறம் அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றுப்பயணம்.

சரி, சோல்? அங்கே சொல்லுக்குக் கனம் அதிகம், கிட்டார் எதிரொலியில் அதை ஒளிக்க முடியாது. ஆனாலும் என் ஓட்டு போர்த்துகீசியத்துக்கே. ஆங்கிலம் வேண்டுமென்றால், 1970-களின் நடுவில் பிரேசில் சோல் பாடகர் டிம் மையா செய்ததுபோல இடையிடையே ஓரிரு பாட்டு போதும். அவர் இளம் வயதில் அமெரிக்காவில் வாழ்ந்து சோல் இசையை அங்கேயே கேட்டு வளர்த்துக்கொண்டவர். அந்தப் பழக்கம் இல்லாத குழு முழு ஆல்பத்தையும் ஆங்கிலத்தில் பாடுவது வீண் சிரமம்.